பத்தாவது ஆளும் எழுத்துப் பிழையுள்ள அம்மாவும்

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி

அன்புள்ள தம்பி ராதிமுக்கு,

உன் அக்கா எடிதா எழுதுவது. வியன்னாவில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏதாவது என்றால் உன் மனைவி எனக்கு முன்பே எழுதியிருப்பாள். இங்கே நான் நலம், என் முழங்கால் ஏறக்குறைய நலம். தாளின் வலது மேல் மூலையில் நம் வழக்கப்படி இரண்டு ஹீப்ரு எழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்திருப்பாய். கடவுளின் துணையை நம்பிப் போட்டதல்ல. அந்த மூலை காலியாக இருந்தால் அப்பா கடிதத்தைப் படிக்காமலே மடித்து வைத்துவிடுவார், அந்தப் பழக்கத்தில் போட்டது.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று அப்பாவின் மூன்றாவது நினைவு நாள் நல்லபடியாக முடிந்தது. பத்துப் பேர் சேர்ந்தார்கள், சூரியன் மறைவதற்குள் அவருக்கான கதீஷ் ஜெபம் சொல்லப்பட்டது. நீ வராதது ஒரு குறையாகவே இல்லை. சொல்லப்போனால் நீ வராததே நல்லது. இனிமேலும் நீ இதற்காக அலைய வேண்டியதில்லை. எப்படி முடிந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். நான் எதையும் பெரிதுபடுத்துகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு உன் செய்தி வந்தது. மாமியார் வீடு மாறுகிறார், அலமாரியைத் தூக்க நான்கு பேர் வேண்டும், மூன்று பேர்தான் இருக்கிறார்கள், நான்காவது ஆள் நீதான், ஆகவே வர முடியாது என்று எழுதியிருந்தாய். கூடவே, "வீடியோவுல சேந்துக்கட்டுமாக்கா?" என்று ஒரு கேள்வி. ராதிம், ஓர் அலமாரியை வீடியோவில் தூக்க முடியுமென்றால் ஜெபக்கூடத்திலும் வீடியோவில் நிற்கலாம். பத்து யூத ஆண்கள் சேராமல் கதீஷ் சொல்லக் கூடாது, உன்னையும் சேர்த்துத்தான் நான் பத்து என்று கணக்குப் போட்டிருந்தேன். மகன் என்ற முறையில் கதீஷ் சொல்லவேண்டியவனும் நீதான். ஒரே செய்தியில் இரண்டு பேர் வராமல் போனார்கள்.

இருந்தாலும் நான் பதறவில்லை. அப்பா மருத்துவமனையில் கடைசி வாரத்தில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எனக்குப் பத்து பேர் சேருவாங்களான்னு மட்டும் பாத்துக்க." வேறு எதையும் அவர் கேட்கவில்லை, கேட்கிறவரும் இல்லை. நாற்பது வருஷம் இந்த ஊரில் யார் வீட்டில் ஆள் குறைந்தாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். நீர் வாரிய அலுவலகத்தில் பாதி வேலையில் இருந்தாலும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "கடவுளே இல்லைன்னு சொல்றீங்களே, அப்புறம் எதுக்குப் போறீங்க?" என்று நான் பதினாறு வயசுத் திமிரில் கேட்டிருக்கிறேன். "நான் ஜெபிக்கப் போகல, எண்ணிக்கைக்குப் போறேன்" என்றார். அப்படி ஊருக்கெல்லாம் பத்தாவதாக நின்ற மனிதருக்கு ஒன்பது பேரோடு ஒரு நினைவு நாள் என்றால், நம்பிக்கை இல்லாத எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

உன் செய்தியைப் படித்ததும் லெடெரர் மாமாவைக் கூப்பிட்டேன். எண்பத்திரண்டு வயதாகியும் சபைத் தலைவர் இன்னும் அவர்தான். "பத்து ஆம்பளைங்க வரட்டும், கதீஷ நீயே சொல்லிக்க, நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்று, பெண்கள் கதீஷ் சொல்லாத நம் சபையில் பெரிய மனது வைத்தார். இந்த ஊரின் யூதர்கள் அத்தனை பேரையும் பெயரோடும் வியாதியோடும் அறிந்தவள் நான். பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஹீப்ரு மொழி கற்பிக்கிறேன். ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது என்ன பெரிய காரியம் என்று போனை எடுத்தேன். ஒருவர் இடுப்பு அறுவை முடிந்து படுக்கையில் இருந்தார். ஒருவர் கேனரித் தீவில் மணலில் படுத்திருந்தார். மூன்றாமவர் நன்றாகத்தான் இருந்தார், ஆனால் ஜெபக்கூடத்தின் வெந்நீர்க் குழாய் விஷயத்தில் லெடெரர் மாமாவோடு பேச்சை நிறுத்தி இருபத்தெட்டு வருஷமாகிறது. "உங்கப்பா லியோவுக்காகன்னா வரேன், ஆனா அந்த ஆளு எழுந்து வெளிய போகணும்" என்றார். ஒருவர் வர இன்னொருவர் போனால் கணக்கு அதே ஒன்பதுதான் என்பதை அவருக்குப் பதினைந்து நிமிடம் விளக்கினேன்.

நாலே முக்காலுக்கு ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். சூரியன் மறைவது ஐந்து முப்பத்தேழு. லெடெரர் மாமா எண்ணத் தொடங்கினார். மனிதர்களை எண்ணினால் கண்பட்டுவிடும் என்று நம் ஆட்கள் எண்ணாமல் எண்ணுவதை நீ மறந்திருக்க மாட்டாய். விரலை நீட்டி, "ஒன்னு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல" என்று போய், "ஒம்போது இல்ல" என்ற இடத்தில் விரல் அந்தரத்தில் நின்றது. பத்துப் பேர் இருந்தால் "பத்து இல்ல" என்று சொல்வார். பத்துப் பேர் இல்லாததால் அதைச் சொல்ல முடியவில்லை. நான் மொழியியல் படித்தவள், இதில் தலையிடவில்லை.

அப்போதுதான் பேச்சு கோலெமுக்குத் திரும்பியது. ஒன்பது யூதர்களை ஒரு மணி நேரம் சும்மா உட்காரவைத்தால் வேறு என்ன நடக்கும்? ஜெபம் ஓதுகிற ஆர்னோஷ்ட் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் மதகுருவான ஒரு ரப்பி நிஜமாகவே எழுதிவைத்த கேள்வியை எடுத்துவிட்டார். மந்திர எழுத்துகளால் செய்த களிமண் மனிதனான கோலெம் பத்தில் ஒருவனாகச் சேர்வானா, மாட்டானா?

"சேராது. அந்த ரப்பியே சேராதுன்னுதான் முடிச்சாரு" என்றார் ஆர்னோஷ்ட். "ஏன்னா, அதுக்கும் முந்தி ஒரு ஞானிகிட்ட ஒருத்தர் இப்படிச் செஞ்ச ஆள அனுப்பினாரு. ஞானி பேசிப் பாத்தாரு, பதில் வரல. 'மண்ணாப் போ'ன்னுட்டாரு. பத்தாவது ஆளா நிக்கவாச்சும் ஆகும்னா அவர் அப்படி வீணாக்கியிருப்பாரா?"

"அப்ப பேசாதவன சேக்கக் கூடாதா?" என்றார் லெடெரர் மாமா. "லியோ நாப்பது வருஷம் வாயத் தெறக்காம நின்னான். ஆமென் கூடச் சொன்னதில்ல. அவன எண்ணினோமா இல்லையா?"

"லியோ களிமண்ணு இல்லையே."

"பின்னால நின்னு பாத்தா வித்தியாசம் தெரியாது!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் எழுதவேண்டும். சிரித்து முடிந்ததும் ஆர்னோஷ்ட், சேராதவர்கள் யார் யார் என்ற முழுப் பட்டியலையும் சொல்லிவிட்டார். அதில் கோலெமும் பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறோம். எனக்கு முனைவர் பட்டம் இருப்பதை அங்கே யாரும் நினைவுபடுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து ஒரு கூச்சல். "அடி! களிமண்ணு மண்டையிலயே அடி!" தரையே அதிர்ந்தது. ஜெபக்கூடத்துக்கு நேர் கீழே நாம் சின்ன வயதில் எழுத்துப் படித்த அறையைச் சபை இப்போது ஓர் ஆட்டக் குழுவுக்கு விட்டிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களை வீரன், சூனியக்காரி, திருடன் என்று சொல்லிக்கொண்டு, பகடை உருட்டி, இல்லாத குகைகளுக்குள் இல்லாத பூதங்களோடு சண்டை போடுவார்கள்.

"எடிதா, கீழ போயி அந்தப் பசங்கள வாய மூடச் சொல்லும்மா" என்றார் லெடெரர் மாமா.

"பசங்க இல்ல மாமா, எல்லாருக்கும் நாப்பது ஆகுது" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கும்போது எனக்குப் பொறி தட்டியது. அந்தக் குழுவில் டிராம் ஓட்டுகிற ஹினெக் ஸ்டெய்னர் இருக்கிறான். திருமதி ஸ்டெய்னரோவாவின் மகன். தாய் வழியில் சந்தேகமே இல்லாத யூதன். அந்த அம்மாள் ஆறு வருஷத்துக்கு முன் இறந்ததிலிருந்து இவன் மாடிப்படி ஏறியதில்லை, ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பதினெட்டுப் படிக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறான். பத்தாவது ஆளைத் தேடி நான் கேனரித் தீவு வரை போன் போட்டிருக்கிறேன்!

உள்ளே போனால், மேசை முழுக்க வரைபடம், பகடை, உப்புக்குச்சி பிஸ்கட். நடுவில் ஒரு களிமண் பொம்மை, ஒரு சாண் உயரம். குழுவின் தலைவன் லூபோஷ் பல் செட் செய்கிறவன். கதையைச் சொல்வதும் பூதங்களை ஆட்டிவைப்பதும் அவன்தான். பொம்மைக்கு முப்பத்திரண்டு பல்லும் அற்புதமாக அமைந்திருந்தன, முகத்தில் வேறெதுவும் சரியாக இல்லை. அதன் நெற்றியில் ஓர் அட்டை, அட்டையில் பென்சிலால் மூன்று ஹீப்ரு எழுத்து.

"ஹினெக், ஒரு இருபது நிமிஷம் மேல வர முடியுமா? அப்பாவோட நாள். ஒரு ஆள் குறையுது."

"இப்பவா டாக்டரம்மா?" அவன் தலையில் தகரத் தலைக்கவசம் இருந்தது. "எனக்கு நாலே நாலு உயிர்ப் புள்ளிதான் பாக்கி. எழுந்திருச்சா என் முறை போயிரும். போஹுமிர் செத்துருவான்."

போஹுமிர் என்பது யாரோ உறவினர் என்று நினைத்து வருத்தம் தெரிவிக்கப் போனேன். அது ஆட்டத்தில் அவனுடைய வீரனாம்.

"ஒம்போது வருஷம் வளத்துட்டான் டாக்டரம்மா" என்றாள் ப்லாங்கா. அவள் மருந்துக் கடைக்காரி, ஆட்டத்தில் சூனியக்காரி. "கட்டின பொண்டாட்டிய ரெண்டு வருஷம் கூட வச்சுக்கத் தெரியல, போஹுமிர மட்டும் கண்ணு மாதிரி பாத்துக்கறான்."

"ஏய், உன் மந்திரம் பலிச்சிருந்தா நான் ஏன் சாகப் போறேன்?"

"இது கோலெம்டா! மந்திரம் பலிக்காதுன்னு விதிப் புத்தகத்துலயே போட்டிருக்கு. கத்தி வழுக்கும், மந்திரம் பலிக்காது, அடிச்சா வெறி புடிக்கும். மூணு ஞாயித்துக்கிழமையா இந்த ஒத்தக் கதவத் தாண்ட முடியல."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து அடித்து இரண்டு நிமிடம். இந்த இடத்தில் ஒரு நிமிடம் என் தொழிலை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று எழுத்தும் 'எமெத்', அதாவது உண்மை. கோலெமின் நெற்றியில் உண்மை என்று எழுதினால் உயிர் வரும், முதல் எழுத்தை அழித்தால் 'மெத்', செத்தது என்று ஆகிவிடும், பழைய கதை. நமக்குத் தொட்டிலிலேயே தெரிந்தது. மூன்று ஞாயிறு, ஒரு சூனியக்காரி, ஒரு திருடன், ஒன்பது வருஷத்து வீரன், யாருக்கும் தோன்றவில்லை!

"இது அரை நிமிஷ வேலை" என்றேன். "வெட்டவும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். மொத எழுத்த அழிச்சா போதும். விழுந்துடும். நீ மேல வந்துடலாம்."

எல்லாரும் குனிந்து அட்டையைப் பார்த்தார்கள். லூபோஷ் மட்டும், "ஆட்டத்துல இல்லாதவங்க சொல்லக் கூடாது" என்று முனகினான். "டாக்டரம்மா சொல்லல, நானே சொல்றேன்" என்றான் ஹினெக். "போஹுமிர் அது தோள்மேல ஏறி மொத எழுத்த அழிக்கிறான்." பதினைந்துக்கு மேல் விழவேண்டுமாம். பகடை உருண்டது. பதினேழு! திருடனாக ஆடுகிறவர், வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிற அமைதியான மனிதர், நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். லூபோஷ் ரப்பரை எடுத்து, பல்லுக்கு மெருகு போடுகிற அதே கவனத்தோடு, முதல் எழுத்தைச் சுத்தமாக அழித்தான்.

அவன் கணக்கில் முதல் எழுத்து. இடது கோடியில் இருந்தது.

நம் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? செக் மொழியில் படித்து வளர்ந்த பிள்ளை, இடது பக்கத்தில் தொடங்கிவிட்டான். போனது கடைசி எழுத்து. மிச்சம் இரண்டு.

"கோலெம் ஆடுது..." லூபோஷ் குரலைத் தாழ்த்திக் கதை சொல்ல ஆரம்பித்தான். "முழங்கால் மடங்குது... டாக்டரம்மா, மிச்சமிருக்கற வார்த்தைக்கு 'செத்தது'ன்னுதானே அர்த்தம்?"

ராதிம், மணி ஐந்து எட்டு. நான் தலையை ஒரு முறை ஆட்டியிருந்தால் போதும். பொம்மை செத்திருக்கும், ஹினெக் எழுந்திருப்பான். அந்த அறையில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக மாணவர்களின் தாளில் ஒரு புள்ளி தவறினாலும் சிவப்பு மையால் சுழித்தவள், அப்பாவின் நாளில், உண்மை என்ற சொல்லையே வைத்துக்கொண்டு பொய் சொல்வதா?

"இல்ல" என்றேன்.

"பின்ன?"

"அம்மா."

"என்னது?"

"அந்த ரெண்டு எழுத்துக்கு அம்மான்னு அர்த்தம். நியாயமா கடைசி எழுத்து வேற வடிவத்துல வரணும். அதனால இது எழுத்துப் பிழையுள்ள அம்மா."

அப்புறம் நான்கு பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் மேலே லெடெரர் மாமா கைத்தடியால் தரையை இடித்தார். லூபோஷுக்குக் கண்ணெல்லாம் ஒளி. "கோலெம் சாகல! அம்மாவாயிடுச்சு!" என்று எழுந்தே நின்றுவிட்டான். "கதாயுதத்தக் கீழ போடுது. போஹுமிரைத் தூக்கி முன்னால நிறுத்துது. 'சாப்ட்டியா?'ன்னு கேக்குது."

"கோலெம் பேசாது" என்றேன். தவறைத் திருத்த ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது.

"சரி, பேசல. கவசத்துல இருக்கற நசுங்கலப் பாக்குது. தலைய ஆட்டுது. களிமண்ணுக் கட்டவிரல எச்சில்ல நனைச்சு அவன் மூஞ்சத் தொடைக்குது. அப்புறம் கதவச் சாத்திட்டு, கதவுக்குக் குறுக்க உக்காந்துடுது. வெளிய குளிரு. பிள்ளைங்க யாரும் எங்கயும் போகக் கூடாது."

"டேய், முன்னாடி கொல்லத்தான் பாத்துச்சு, இப்ப விடவே மாட்டேங்குதே!" என்றான் ஹினெக்.

ப்லாங்கா தூக்க மந்திரம் போட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை, அது இன்னும் கோலெம்தான். திருடன் சுவரோரம் நழுவினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "எங்கம்மாவும் இப்படித்தான்" என்று வரி அலுவலகக்காரர் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து பதினைந்து. மேலே ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், கீழே நானே உண்டாக்கிய அம்மா ஒருத்தி பத்தாவது ஆளை விடமாட்டேன் என்கிறாள். ஹினெக்கை ஆட்டத்தைப் போட்டுவிட்டு வா என்று கேட்டிருக்கலாம்தான். வந்திருக்கவும் கூடும். ஆனால் ஒன்பது வருஷம் வளர்த்ததை என் வசதிக்காகச் சாகக்கொடு என்று ஒருவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேலே போய் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினேன்.

"லூபோஷ், நான் அம்மாகிட்டப் பேசறேன்" என்றான் ஹினெக்.

"அது பேசாதுன்னாங்களே."

"காது கேக்கும்ல?"

லூபோஷ் என்னைப் பார்த்தான். கேட்கும் என்றேன். ஏவியதைச் செய்யவேண்டுமானால் கேட்டாகவேண்டும்.

ஹினெக் பொம்மையைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னான்: "அம்மா, மாடியில லியோ மாமாவுக்கு ஒரு ஆள் குறையுதாம். பத்தாவதா நிக்கணுமாம். உனக்கு நான் கதீஷ் சொன்னப்ப அவர்தான் பத்தாவதா வந்து நின்னாரு. போயிட்டு வந்துடறேன்."

இது ஆட்டத்துக்குச் சொன்னதா வேறெதற்காவது சொன்னதா என்று நான் கேட்கவில்லை. திருமதி ஸ்டெய்னரோவா இறந்த வருஷம் அப்பா முழங்காலில் கட்டோடு இந்தப் பதினெட்டுப் படி ஏறிப் போனது எனக்கே நேற்றுத்தான் நினைவு வந்தது. லூபோஷ் பகடையைக் கையில் எடுத்தான். உருட்டாமல் கீழே வைத்தான்.

"இதுக்குப் பகடை வேண்டாம்" என்றான். "கோலெம் எழுந்திருக்குது. கதவத் தொறக்குது. மொதல்ல அவன் கழுத்துல துணியச் சுத்திவிடுது."

ஹினெக் தலைக்கவசத்தோடு எழுந்து வந்தான். மாடியில் தலையை மூட ஏதாவது வேண்டுமே என்று நானும் கழற்றச் சொல்லவில்லை. அவன் உள்ளே நுழைந்ததும் லெடெரர் மாமா மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்னடா சட்டி?"

"தலைக்கவசம் மாமா."

"தலை மூடியிருக்கில்ல, போதும். அங்க நில்லு. நெடுநெடுன்னு இருக்க, விளக்க மறைக்காத." பிறகு விரலை நீட்டி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒன்று இல்லை, இரண்டு இல்லை. ஒன்பது பேரும் சேர்ந்து மனதுக்குள் எண்ணுவது கேட்டது. விரல் தகரத்தின் மேல் வந்து நின்றது. "பத்து இல்ல!" என்றார் லெடெரர் மாமா, லாட்டரி விழுந்த குரலில்.

ஆர்னோஷ்ட் பிற்பகல் ஜெபத்தை, ரயிலைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில் ஓதினார். ஐந்து முப்பத்திரண்டுக்கு என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். லெடெரர் மாமா வாக்குக் கொடுத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதீஷின் ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் எது, எது ஹீப்ரு, எது அராமிக் என்று வகுப்பில் மூன்று மணி நேரம் பேசுவேன். சத்தமாகச் சொல்வது வேறு வேலை என்று தெரிந்துகொண்டேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். அறையில் வெப்பம் போதவில்லை, அதுதான் காரணம். அந்த இடைவெளியில், ஆமென் சொல்லவேண்டாத இடத்தில், பின்னாலிருந்து தகரம் அதிர ஹினெக், "ஆமென்!" என்று உரக்கச் சொன்னான். ஆறு வருஷத்தில் இடம் மறந்துபோயிருக்கிறது. எனக்கு மூச்சு வந்தது. முடித்தேன். ஐந்து முப்பத்தைந்து.

முடிந்து திரும்பினால் கதவருகே லூபோஷ், ப்லாங்கா, வரி அலுவலகக்காரர் மூன்று பேரும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இது மசூதி இல்லை, மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அப்புறம் நம் வழக்கப்படி பிளம் சாராயமும் லெடெரர் மாமி அனுப்பிய கசகசா கேக்கும். லெடெரர் மாமா போஹுமிருக்கு எத்தனை வயது, கல்யாணமாகிவிட்டதா என்று விசாரித்தார். லூபோஷ் என்னிடம் வந்து, எல்லாரும் நடுநடுவே சொன்ன அந்த ஆமெனை எப்படி எழுதுவது என்று கேட்டான். எழுதிக் காட்டினேன். "அட, மொத ரெண்டு எழுத்தும் நம்ம அம்மாதானே! ஒரே ஒரு எழுத்து சேத்தா போதும்" என்று அட்டையை எடுக்கக் கீழே ஓடினான். இந்த முறை சரியான பக்கத்திலிருந்து எண்ணியிருந்தான். அடுத்த ஞாயிறு அந்த மூவெழுத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு கோலெம் என்ன செய்யப்போகிறது என்று எனக்குத் தெரியாது. அது என் துறை அல்ல.

ஆக, தம்பி, நீ கவலைப்படவேண்டாம். தேதி குறித்தது நான், ஆளைப் பிடித்தது நான், சொன்னதும் நான். எதிலும் குறையில்லை. நீ வந்திருந்தால் ஹினெக் கீழேயே இருந்திருப்பான். அடுத்த வருஷமும் நீ உன் மாமியாருக்கு எதைத் தூக்கவேண்டுமோ தூக்கு. அப்பா விஷயத்தில் இந்த ஊர் இனி யார் தயவையும் எதிர்பார்க்காது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பாக ஒவ்வொரு முத்தம். நம் பெரியவர்கள் வாயில் வருகிறபடி நீங்கள் எல்லாரும் நூற்றிருபது வயது வரை இருக்கவேண்டும். உடம்பு சுகத்தோடு, முதுகுவலி இல்லாமல்.

இப்படிக்கு,
உன் அக்கா
எடிதா

பி.கு. கவரை ஒட்டும் முன், அடுத்த வருஷத்துத் தேதியையும் இப்போதே குறித்துவைத்துவிடலாம் என்று நம் யூதப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். இந்த வருஷம் பதின்மூன்று மாத வருஷம், அதிக மாதம் வருகிறது. ஆதார் மாதம் இரண்டு. அப்பா போனதும் அப்படி ஒரு வருஷத்தில்தான், இரண்டாவது ஆதார் இருபத்தொன்றில். நான் முதல் ஆதார் இருபத்தொன்றைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். டாக்டரம்மா சொன்ன தேதி என்று யாரும் சரிபார்க்கவில்லை. நேற்று அப்பாவின் நாள் இல்லை, ராதிம். எனக்குத் தெரிந்து யாருடைய நாளும் இல்லை. அவருடைய நாள் மார்ச் முப்பது, செவ்வாய்க்கிழமை. ஹினெக்கைக் கேட்டுவிட்டேன், அன்று மாலை அவனுக்கு ஏழாம் எண் டிராமில் வேலை, மாற்றிக்கொடுக்க ஆளில்லை. மறுபடியும் ஒன்பது பேர். லெடெரர் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. மேலே "நீ வராததே நல்லது" என்று தொடங்கி நான் எழுதியிருப்பது முழுவதையும் அடித்துவிட்டுப் படி. அன்று காலை ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். கதீஷை நீ சொல், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.